பனிவண்டியின் பட்டையும் நம் வாசல் ஸ்கூட்டரும்

புனே நகரில் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பத்தார், வீடு பார்த்து, பள்ளி பார்த்து, நல்ல காப்பிப்பொடிக்குக் கடையும் பார்த்த பின்னர் மேற்கொள்ளும் அடுத்த காரியம் ஸ்கூட்டர் வாங்குவதே. ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை எழுந்த நாள் முதலாக இஃது இருசக்கர வண்டிகளின் நகரம். அக்கால ஸ்கூட்டரின் குணதோஷங்களை நம் பெரியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1972-இல் வெளிவந்த சேதக் கிளம்ப மறுத்தால் அதனைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தி உதைப்பர். பிளக்கைக் கழற்றிக் கரி நீக்குவர். கியர் கம்பி அறுந்தாலும் கைப்பையில் மாற்றுக் கம்பி இருக்கும்.

இன்றைய கியர் இல்லா ஸ்கூட்டரின் உள்ளே இருப்பது யாது என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூற இயலாது. கைப்பிடியைத் திருகினால் ஓடுகிறது, அவ்வளவே. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட கைனெடிக் நிறுவனம் ஜப்பானிய ஹோண்டாவுடன் கூடி 1980-களின் நடுவில் இவ்வகை வண்டியை நம் நாட்டில் பரவச் செய்தது. பின்சக்கரத்தின் இடது பக்கத்தில் நீண்டு கிடக்கும் பெட்டியினுள் இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டையும் உள்ளன. பட்டறையில் இதனை பெல்ட் என்பர். முன்கப்பியினுள் சிறு உருளைகள் உண்டு. என்ஜின் வேகங்கொள்ளும்போது அவை வெளிநோக்கி விலகிக் கப்பியின் ஒரு முகத்தைத் தள்ளுகின்றன. பட்டை முன்கப்பியில் மேலேறி, பின்கப்பியில் உள்ளே இறங்குகிறது. கியர் மாற்றுவோன் இல்லாமலே கியர் மாறும் விந்தை இதுதான்.

இதே அமைப்புத்தான் இமயத்தின் பனிப்பரப்பில் ஓடும் வண்டியையும் இயக்குகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குல்மர்க் சென்றோர் பயணிகளை ஏற்றிச் செல்லும் பனி ஸ்கூட்டரைக் கண்டிருப்பர். முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகள்; பின்னே சக்கரத்திற்குப் பதிலாகச் சுழலும் ரப்பர்த் தடம். கனடாவைச் சேர்ந்த பொம்பார்டியே என்பவர் 1959-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்கீடூ இவ்வகைச் சிறு வண்டிகளுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 1984 ஏப்ரல் 13-ஆம் நாள் தொடங்கிய மேகதூத் நடவடிக்கையின் பின்னர் சியாச்சின் பனியாற்றில் நிலைகொண்ட நம் படையினரும் பனி ஸ்கூட்டரைப் பயன்படுத்துகின்றனர். சுமையேற்றிய சறுக்குவண்டியை இழுப்பதற்கும் அது உதவுகிறது.

அங்கே வண்டி நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பனியில் வண்டி ஓட்டுவோரின் ஒழுங்குகள் கண்டிப்பானவை. மாற்றுப் பட்டை ஒன்றின்றிப் புறப்படலாகாது. குளிரில் விறைத்த பட்டை இளகும் வரை என்ஜினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். இரவில் தடம் பனியோடு உறைந்து ஒட்டியிருக்கும். அதனை விடுவிக்காமல் முடுக்கினால் பட்டை கருகும். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. கார்புரேட்டரின் ஜெட்டைச் சிறிதாக்காவிடில் பெட்ரோல் மிகுந்து பிளக் கரியடையும். கப்பியின் எடைகளையும் குறைக்க வேண்டும். பட்டையின் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட்டுவது மட்டும் எங்கும் எவருக்கும் தகாது. அறுந்து தெறிக்கும் பட்டை கத்திக்கு ஒப்பானது.

நாமோ பட்டை இருப்பதையே மறந்து காத்ரஜ் கணவாயில் மனைவி மக்களோடு மழையில் ஏறுகிறோம். அங்கே பட்டை அறுந்தால் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. அறுந்த துண்டு கப்பியில் சிக்கிச் சக்கரத்தை இறுக்கிவிடுவதும் உண்டு. பின்னால் லாரி வரும் பாதையில் அதன் விளைவை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நல்லவேளையாக, பட்டை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுவதில்லை. என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிடில் பட்டை தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம், அல்லது எண்ணெய் கசிந்து வழுக்கலாம். முடுக்கும்போது விட்டுவிட்டுத் தள்ளினால் உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கக் கூடும். புறப்படும் கணத்தில் மட்டும் வண்டி நடுங்கினால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச். இந்தக் கிளட்சைக் கெடுப்பவர் நாமே: மேட்டுச் சாலையின் சிக்னலில் பிரேக்கைப் பிடிக்காமல் கைப்பிடியைத் திருகியே வண்டியை நிறுத்தி வைக்கும் வழக்கம் புனேயில் சர்வ சாதாரணம்!

மழைக்காலம் தனிக் கதை. கடக்வாஸ்லா அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டால் பிடே பாலம் முழுகும்; பல தெருக்களில் முழங்கால் அளவு நீர் நிற்கும். அதனுள் வண்டியை விட்டால் பெட்டியினுள் நீர் புகுந்து பட்டை வழுக்கும். அப்பொழுது வலிந்து முடுக்குதல் தவறு. ஓரமாக நிறுத்தி, நீர் வடிந்து உலரவிட்டு, மெதுவாகச் செல்லுதல் நலம். பெட்டிக்குக் காற்று செல்லும் வழியில் வடிகட்டி உள்ள வண்டிகளில் அதனையும் துப்புரவு செய்விக்க வேண்டும். பின்சக்கரத்தருகே உள்ள கியர் எண்ணெய் வேறு, என்ஜின் எண்ணெய் வேறு; முன்னதை மாற்றப் பட்டறைக்காரர் பலர் மறந்துபோவர்.

பட்டையின் ஆயுள் வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக 20,000 கிலோமீட்டரை நெருங்குகையில் திறந்து பார்த்தல் வேண்டும். உட்புறப் பற்களில் வெடிப்போ, ஓரத்தில் நூற்பிசிறோ தோன்றினால் அளந்து பார்க்கவும் தேவையில்லை, மாற்றிவிடலாம். தோன்றாவிடில் அகலத்தை அளந்து கைப்புத்தகத்தில் கண்ட வரம்போடு ஒப்பிடுக. உருளைகளையும் உடன் பார்த்தல் சிக்கனம். ஒரே உழைப்புக்கு இருமுறை கூலி கொடுப்பானேன்? புதுப் பட்டையைக் கிரீஸ் படிந்த கையால் தொடலாகாது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த நானா பேட்டையில் அசலும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். கூட்டில் பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குக. சேதக் என்னும் பழைய பெயரிலேயே இப்பொழுது வரும் மின்சார ஸ்கூட்டரை வாங்கியோருக்கு இந்த உருளைக் கப்பியின் கவலை இல்லை.

மராத்தி தெரியாது என்பதால் பட்டறையில் வாய்மூடி நிற்கும் நம்மவர், சிறப்பாக வேலைக்குச் செல்லும் பெண்மணிகள், இரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொண்டால் போதும். “பெல்ட்ச கவர் உகடூன் பகா” என்றால் மூடியைத் திறந்து பாருங்கள் என்று பொருள். வேலை முடிந்தபின் “ஜுனா பெல்ட் தாக்வா” என்று கேட்டால், கழற்றிய பழைய பட்டையைக் கையில் தருவர். அதனை வளைத்துப் பாருங்கள். அது வெடித்திருந்ததா என்பது உடனே விளங்கிவிடும்.