பழைய கேம்பர் வேனை மழை ஓய்ந்த மறுநாள் பாருங்கள்

பீடோங்கிலிருந்து மெர்போக்கை நோக்கிச் செல்லும் சாலையில் செமிலிங்கைக் கடக்கிறவர்கள், வடக்கே 1,217 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஜெராய் மலையையும், அலையாத்திக் காடுகளுக்கிடையே விரிந்து கிடக்கும் மெர்போக் ஆற்றையும் கண்டு, ஓர் இரவேனும் இங்கே தங்கிப் போகலாகாதா என்று ஏங்குவது இயல்பே. அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய பழைய வேன் ஒன்றை வாங்கிவிடுவதென்று தீர்மானிக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே உண்டு. தோட்டத்து லாரியில் பாயும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பினாங்கு சென்று இரவைக் கழித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஆசை பிறப்பதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் ஆசை மிகுந்த இடத்தில் பரிசீலனை குறைந்துவிடுகிறது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இன்பப் பிரயாணத்துக்கென்றே பிரிஸ்டலில் ஒரு வண்டியைக் கட்டுவித்து, குதிரைகள் இழுக்க இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். மோட்டார் வாகனம் வந்த பிறகு அதே எண்ணம், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனாக மேல்நாடுகளில் பரவியது. நம் நாட்டில் அத்தகைய இழுவைக் கேரவன்கள் அபூர்வம். நிசான் வானெட், டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்களின் உட்புறத்தை மாற்றியமைத்தவையே பெரும்பாலும் கைமாறுகின்றன.

இரண்டுக்கும் பொதுவான பகை நீர். இஞ்சின் கெட்டால் ஃபோர்மன் கழற்றிப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். ஆனால் காற்றாடி பொருத்துவதற்காகக் கூரையில் வெட்டிய துளையின் ஓரத்திலும், வெயிலில் வெடித்த சிலிகோன் பசையின் இடுக்கிலும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிந்த மழைநீர், பலகைச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே தங்கி, பிளைவுட்டை உளுத்துப்போகச் செய்து, இரும்பையும் துருவேற்றி, வெளியே தெரிய வரும் வேளையில் பழுதுபார்க்கும் செலவு வாங்கிய விலையையே எட்டிவிடக்கூடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடாவில் வறட்சி நிலவும்; அப்போது எந்த வேனும் ஒழுகாது. அக்டோபரில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போங்கள். கதவுகளை யாரும் முன்கூட்டித் திறந்து வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே நுழைந்த கணத்தில் பூஞ்சை வாடை அடித்தால் அதை நம்புங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக வீசினால் அதையும் ஒரு சாட்சியாகவே கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவருக்காக நான் கூடப் போய்ப் பார்த்த வேன், புதுச் சாயமும் புது மெத்தை உறையுமாகக் கண்ணைப் பறித்தது. "அண்ணே, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது" என்றார் விற்க வந்த தம்பி. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திராது. பின்புறப் படுக்கைப் பலகையைத் தூக்கி, சக்கரத்துக்கு மேலுள்ள மூலையில் கட்டைவிரலை அழுத்தியபோது, மரம் நனைந்த ரொட்டியைப் போல உள்வாங்கியது. தரைவிரிப்பை விலக்கினால், ஒவ்வொரு திருகாணியின் தலையைச் சுற்றியும் பழுப்பு வளையம். நண்பர் வாங்கவில்லை.

அடுத்தது அடுப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே கேஸ் தோம்பு வைக்கும் பெட்டியின் அடித்தட்டில் வண்டிக்கு வெளியே திறக்கும் துவாரம் அவசியம் இருக்க வேண்டும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே பார்த்துவிடுவது உத்தமம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பதிந்திருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நின்றே கிடந்த வண்டியின் டயர், பட்டை தேயாமலே முதுமை அடைந்திருக்கும். எடையையும் மறக்கலாகாது, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அதைப் பின்கோடியில் வைத்து, மேலே மரப்பெட்டிகளும் அடுக்கிய வண்டி, ஜெராய் மலையின் வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கைப் பெரிதும் சோதிக்கும்.

நீரைப் பற்றிய எச்சரிக்கை வண்டியோடு நின்றுவிடக் கூடாது. 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து பாறையும் மரமுமாக யான், மெர்போக் வட்டாரங்களில் இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. அருவியோரம் எத்தனை ரம்மியமாக இருந்தாலும், மலைமேல் கருமேகம் திரண்ட இரவில் அங்கே வேனை நிறுத்திக் குழந்தைகளைத் தூங்க வைக்காதீர்கள்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, கிராண்டில் கண்ட இஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். உட்புற மாற்றங்களுக்கு ஜேபிஜே ஒப்புதல் உண்டா, வங்கிக் கடன் பாக்கி ஏதும் இல்லையா என்பதையும் ஆதாரத்துடன் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி எடுக்கும்போது வேன் மாற்றியமைக்கப்பட்டது என்பதை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால், விபத்து நேர்ந்த அன்று இழப்பீடு கேட்பது சங்கடமாகும். முன்பணம் சிறிதாகவே இருக்கட்டும். பூஸ்பாகோம் பரிசோதனையில் வண்டி தேறி, உரிமை உங்கள் பெயருக்கு மாறும் நாளன்று மீதி வெள்ளியைக் கொடுத்தால் போதும்.