காருக்குள் கடகட சத்தமா? முதலில் காது கொடுங்கள்!

செம்பனைக் காட்டு வழியே கார் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சங்கீதம் புதிதல்ல. தார்ச் சாலையில் வாயை மூடிக்கொண்டு வந்த வண்டி, தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கியதும் 'கடகட', 'கீச்கீச்' என்று ஆரம்பித்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் மச்சானும் அப்படித்தான் செய்தார். அவருடையது பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் வெளிவந்த அந்தக் கார், நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அல்லவா? வயதானால் மனிதனுக்கே மூட்டு தளர்கிறது, வண்டிக்குத் தளராதா என்று அவரும் விட்டுவிட்டார்.

சத்தம் கூடியதும் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் டேஷ்போர்டைக் கழற்றிப் பூட்டினார்கள். கூலி 150 வெள்ளி. சத்தம் போகவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்சக்கரத்துப் பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அது கழன்றால் சக்கரமே மடங்கிப் போகும். பிள்ளைகளைத் தினமும் அந்தக் காரில்தான் பள்ளிக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார்!

ஆகவே, சத்தம் உள்ளேயா அடியிலா என்று முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ, பிரேக் மிதிக்கும்போதோ, பள்ளத்தில் இறங்கும்போதோ 'டக்' என்று காலடியில் இடித்தால் அது அடிப்பக்கத்துச் சத்தம். தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

உள்ளே வரும் சத்தத்திற்கு வேறு காரணம். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு போலக் கொதிப்பதை அறிவீர்கள். ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளும். இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். பகலில் நீண்டு, இரவில் சுருங்கி, வருடக் கணக்கில் இப்படியே இழுபட்டால் கிளிப்புகள் தளராமல் என்ன செய்யும்? சில உடைந்தே போய்விடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெதுவாக ஓட்டட்டும். மற்றவர் வானொலியை அடைத்துவிட்டு டேஷ்போர்டு, கதவுப் பலகை, கூரை ஓரம் என்று ஒவ்வோரிடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வரட்டும். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கேதான் திருடன் ஒளிந்திருக்கிறான். ஆனால் அதற்கு முன்பே கார் கிராண்ட் வைக்கும் பெட்டி, சாம்பல் தட்டு, பின்னால் கிடக்கும் ஜாக்கி எல்லாவற்றையும் காலி செய்துவிடுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கிவிடும்.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசிக் கீச்சிடும் இடத்தில், மெல்லிய கம்பளித் துணியோ ஒட்டும் துணி டேப்போ வைத்தால் போதும். பெட்டி மூடி ஆடினால் சிறு ரப்பர் துண்டை ஒட்டுங்கள். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் உதிரிப் பாகக் கடையில் புதியவை கிடைக்கும். பழையதை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு செம்மண் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பலகையைக் கழற்ற வேண்டுமானால் இரும்புத் திருப்புளியைத் திணிக்காமல் பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல நெம்புங்கள். அதுவும் காலை வெயிலேறிப் பிளாஸ்டிக் இளகிய பிறகு.

புதிய கார்களில் ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும், சிலவற்றில் இருக்கை ஓரத்திலும் கூரை ஓரத்திலும் காற்றுப்பை இருக்கும். அந்தப் பக்கம் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மச்சான் பால் ஜாயிண்டை மாற்றிவிட்டார். அதன் பிறகும் சின்னதாக ஒரு 'கடகட' மிஞ்சியிருந்தது. அக்காள் மகள்தான் கண்டுபிடித்தாள். சாம்பல் தட்டின் பின்னால் இரண்டு பத்துக் காசு!