குறட்டை நின்றுபோகும் நேரம்

கோடைகாலத்தில் மல்லாங்கிணற்றில் வீட்டுக்குள் புழுக்கம் தாளாமல் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு, கனத்த குறட்டையொன்று ஏறி ஏறி வந்து சட்டென்று அறுந்துபோவதும், சற்று நேரம் அரவமே இல்லாதிருந்துவிட்டுத் திணறலோடு மறுபடி தொடங்குவதும் கேட்டுப் பழகிய சத்தம். "அசதியில தூங்குறாரு, எழுப்பாத" என்று சொல்லி நாமும் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். ஆனால், ஆழ்ந்த நித்திரையின் அடையாளமென்று நாம் நம்பும் அந்தக் குறட்டை பல சமயங்களில் நித்திரை குலைவதன் அடையாளம். அது நின்றுபோகும் இடைவெளியோ, சுவாசமே நின்றுபோகும் இடைவெளி.

விழித்திருக்கையில் தொண்டையை விரித்துப் பிடித்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னுக்குச் சரிந்து, சுவாசப்பாதை குறுகும்போது குறட்டை பிறக்கிறது. அந்தப் பாதை முற்றிலும் மூடிக்கொண்டால், மார்பு எவ்வளவு முயன்றாலும் காற்று உள்ளே புகாது. பிராணவாயு குறைவதை உணர்ந்த மூளை, உறங்குகிறவர் அறியாமலே அவரை ஒரு கணம் எழுப்பித் தொண்டையைத் திறக்கிறது. 10 நொடியேனும் நீடிக்கும் இத்தகைய தடைகள், முழுத்தடையும் அரைத்தடையுமாக, மணிக்கு 5 முறை வந்தாலே அது கவனிக்கவேண்டிய நிலை. 30 முறை என்றால் கடுமையான வியாதி. வைத்தியர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்பது இதைத்தான்.

இந்த வியாதி எங்கும் உண்டு. எனினும் எங்கள் விருதுநகர் ஜில்லாவில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த முயற்சி, பட்டாசாகவும் அச்சுக்கூடமாகவும் விரிந்து, வானம் பொய்த்த கரிசல் பூமியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டதை நன்றியோடு நினைக்கும் அதே வேளையில், அலுமினியப் பொடியும் கந்தகமும், கிரஷர்களின் கல்தூசியும், நூற்பாலையின் பஞ்சும், சீமைக் கருவேலக் கரிமூட்டத்தின் புகையும், போதாக்குறைக்குப் பீடியும் விறகடுப்பும் உழைப்பாளிகளின் நெஞ்சை நாள்தோறும் அரிக்கின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

தூசிதான் தொண்டையை அடைக்கிறதென்று நான் சொல்லவரவில்லை; பருத்த கழுத்து, உடற்பருமன், சிறுத்த தாடை, முதுமை ஆகியவையே அதற்கு முக்கியக் காரணங்கள். பகலில் நலிந்த நுரையீரலும் இரவில் அடைபடும் தொண்டையும் ஒரே சரீரத்தில் கூடிவிட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. எடின்பரோ நகரத்து வைத்தியர் டேவிட் ஃப்ளென்லி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இந்த இரட்டை நோய்க்கு 1985இல் தனிப்பெயரே சூட்டினார். கனவு காணும் உறக்கவேளையில் விலாத் தசைகள் ஓய்ந்துவிட, உதரவிதானம் ஒன்றே மூச்சின் பாரத்தைச் சுமக்கிறது; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலோ, காற்று வெளியேறாமல் தங்கி நுரையீரல் உப்பி, உதரவிதானம் தட்டையாகி வலுவிழந்திருக்கும். ஆகவே, ஒரு தடைக்கும் மறுதடைக்கும் நடுவே நல்ல நுரையீரல் மீட்டுக்கொள்ளும் பிராணவாயுவை நலிந்த நுரையீரலால் மீட்டுக்கொள்ள இயலாது. அந்தக் குறைவால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இரவுதோறும் சுருங்கிச் சுருங்கி, அவற்றில் அழுத்தம் ஏறி, இருதயத்தின் வலப்பக்கம் களைத்து, முடிவில் கால்கள் வீங்குகின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்கும் இந்தத் தடை இரவுநேர மூச்சிரைப்பை மிகுதியாக்குகிறது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த 'சிபேப்' கருவி, மூக்கில் பொருத்திய முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் காக்கிறது. இரட்டை நோயுள்ளவர்களில் இக்கருவியைப் பயன்படுத்தியோர் பயன்படுத்தாதோரைவிட நீண்டகாலம் வாழ்ந்ததை 2010இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். எடை குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், புகையை விடுவதும் உதவும். அசதி தீர இரவில் குடிப்பதும், வைத்தியரைக் கேளாமல் தூக்க மாத்திரை விழுங்குவதும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரை தின்றும் அழுத்தம் இறங்காதவர், விடியலில் தலைவலியோடு எழுபவர், கம்பெனி வேனிலும் வேலையிடத்திலும் தம்மையறியாமல் கண்ணயர்பவர் ஆகியோர், இவை இந்த வியாதியின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், தம் இரவைப் பற்றியும் அவர்களிடம் சொல்லவேண்டும். பட்டாசு மருந்தைக் கையாளும் தொழிலில் ஒரு கணத் தூக்கமும் உயிருக்கு ஆபத்தென்பதை எங்கள் சீமைக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நெஞ்சு நோய் வைத்தியரைத் தேடி நெடுந்தூரம் அலையவேண்டிய காலம் அல்ல இது.

தன் மூச்சு நின்றதை உறங்குகிறவர் அறியமாட்டார். பக்கத்தில் படுத்திருப்பவரே அதற்குச் சாட்சி. ஆதலால், இருமலுக்கும் இரைப்புக்கும் மருந்து வாங்கப் போகும்போது மனைவியையோ மகனையோ உடன் அழைத்துப் போங்கள். "ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர்" என்று அவர்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் சிகிச்சை தொடங்கமுடியும்.