அனுமதிச் சீட்டில் இல்லாத பாதை

நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா, ஆனைமலையின் உயர்ந்த புல்வெளிகள் போன்ற கரடுமுரடான மலைக்காடுகளுக்குப் புறப்படுவோரில் பலர், விடுதி அறையைப் பதிவு செய்வதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட வனத்துறையின் அனுமதியைப் பெறுவதில் காட்டுவதில்லை. விடுதி மேலாளரோ ஜீப் ஓட்டுநரோ "ஃபாரஸ்ட் கார்டிடம் சொல்லியாயிற்று" என்று கூறிவிட்டால் அதுவே போதும் என நம்பிக் காட்டுக்குள் சென்று, பிடிபட்ட பிறகே தாம் செய்தது குற்றம் என்பதை அவர்கள் அறிகின்றனர். எழுத்தில் இல்லாத அனுமதி சட்டத்தின் முன் அனுமதியே அன்று.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை வரையறுக்கிறது. 28ஆவது பிரிவின்படி சுற்றுலா, ஒளிப்படம், ஆய்வு போன்ற காரணங்களுக்காக அனுமதி வழங்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, அதாவது மாநிலத்தின் வன உயிரினப் பாதுகாப்புக்குப் பொறுப்பான உயர் அதிகாரிக்கு உரியது. இவ்விரு பிரிவுகளும் 35ஆவது பிரிவின் வழியே தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அனுமதி பெற்று உள்ளே சென்றவரும் அங்கே தீ மூட்டினால் அது தனிக் குற்றமாகும்.

தண்டனையைவிட உயிராபத்தே பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது அதன் பிறகே பெரிதாகப் பேசப்பட்டதும் இதற்குள் மறக்கப்பட்டுவிட்டன. காய்ந்த புல் மூடிய சரிவில் தீ கீழிருந்து மேல்நோக்கிப் பாய்கையில் மனிதரின் ஓட்டம் அதற்கு ஈடாகாது. புகை திரளும் பள்ளங்களுக்குள் இறங்குவது அதைவிடக் கேடு. ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலமோ புல்லற்ற வெறும் பாறையோதான் ஓரளவு காப்பு.

அந்த விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன; 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையவழிப் பதிவு முறை 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. பாதைகள் கடினத்துக்கேற்ப எளிது, மிதமானது, கடினம் எனப் பிரிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் அனுப்பப்படுகின்றனர். காட்டுத்தீக் காலத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. அக்காலத்தில் "நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்று கூறும் எவரையும் நம்பலாகாது. அந்தப் பட்டியலில் இல்லாத பாதைக்கு மாவட்ட வன அலுவலரிடமோ, புலிகள் காப்பகமாயின் அதன் துணை இயக்குநரிடமோ எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் செல்வோர் அனைவரின் பெயர், வயது, அடையாளச் சான்று, நுழையும் இடம், வெளியேறும் இடம், நாள், அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண் ஆகியவை இருத்தல் நலம். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறவேண்டும். "ஐயா கேம்ப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பல அலுவலகங்களில் இருப்பதாலேயே மக்கள் குறுக்குவழி தேடுகின்றனர் என்பதை வனத்துறை இனியாவது உணரவேண்டும். பெற்றதற்கான சான்றுடன் அஞ்சலில் அனுப்பிய விண்ணப்பத்தை அப்படித் திருப்பி அனுப்ப இயலாது.

அனுமதி கைக்கு வந்ததும் அதை ஏற்பாட்டாளரிடம் விட்டுவைக்காமல், ஒவ்வொருவரும் தாமே வாங்கிப் படிக்க வேண்டும். பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தச் சீட்டு பயனற்றது. சோதனைச் சாவடியில் பணம் கட்டினால் ரசீது கேட்கவேண்டும். ரசீதில் அச்சிட்ட எண் இல்லையெனில் அந்தப் பணம் அரசுக்குச் சென்றதற்குச் சான்றே இல்லை. நுழைவுக் கட்டண ரசீது மலையேற்ற அனுமதி ஆகாது என்பதையும் சொல்லவேண்டியுள்ளது, ஏனெனில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோரே அதிகம்.

அனுமதி இல்லாமலேயே பணம் வாங்கி அழைத்துச் சென்ற நிறுவனத்தின் மீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பயணம் நடந்த மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யவேண்டும். விளம்பரப் படம், பணப் பரிமாற்றச் சான்று, வாட்ஸப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்போருக்கே வழக்கு நிற்கும். அனுமதி உண்மையில் வழங்கப்பட்டதா என்ற ஐயத்தைத் தீர்க்க, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வனக்கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குரிய அனுமதி ஆணையின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதவேண்டும்.