அல்சூர் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூரு எம்.ஜி. சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். மெட்ரோவில் வந்தால் ஹலசூரு நிலையம். நகரின் நட்டநடுவே ஏறத்தாழ 50 ஹெக்டேருக்கு, தீவுகளோடு பரந்து கிடக்கிறது அல்சூர் ஏரி. கரையோரம் நடைபாதை, நிழல் மரங்கள், பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம். தமிழர்கள் தேடிப் போவது திருவள்ளுவர் சிலையை. 1991-இல் திறக்க இருந்த சிலை, எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி திறந்துவைத்தார். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டு மாநிலங்களும் அன்று காட்டிய பெருந்தன்மை இன்றும் நெஞ்சை நிறைக்கிறது.

சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊர் பெங்களூரு. இங்கே எப்படி இத்தனை ஏரிகள்? பள்ளங்களின் குறுக்கே கரை கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். மேல் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ‘ராஜகாலுவே’ எனப்படும் பெருங்கால்வாயில் அடுத்த ஏரிக்கு இறங்கும். தமிழ்நாட்டின் சங்கிலி ஏரிகளை அறிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

சிக்கல், அந்தக் கால்வாய்களில் மழைநீரோடு சாக்கடையும் கலந்ததில் தொடங்கியது. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் அல்சூர் ஏரியில் செத்து மிதந்தன. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வெயில் ஏறினால் நீரில் ஆக்சிஜன் கரைவதே குறையும். இரவில் பாசியும் தாவரங்களும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டிவிடுகிறது. கரையை அழகுபடுத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கால்வாய் வாயில் காட்டியிருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஏரியைச் சுற்றி வருபவர்கள் தண்ணீர் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். வெளியேறும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதாகச் செய்தி வரும்போதெல்லாம் பேசப்படுவது பெங்களூருவிலிருந்து இப்படி இறங்கிவரும் கழிவுதான். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வழியே கடலூர் வரை அதே ஆற்றை நம்பி உழவு நடக்கிறது.