கணினிக்கான குர்ஆன் உரை

கணினியில் குர்ஆனின் அரபு மூலம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, அச்சுப் பக்கத்தின் படம். மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகம் வெளியிடும் 604 பக்கப் பிரதி பரவலாக இப்படிப் படமாக்கப்பட்டிருக்கிறது. எழுத்துக்கலைஞர் உஸ்மான் தாஹாவின் கையெழுத்து அப்படியே தெரிவதால் ஓதுவதற்கு அது ஏற்றது. ஆனால் படத்தில் ஒரு சொல்லைத் தேடவோ, வசனத்தைப் பிரதியெடுத்து ஒட்டவோ வழியில்லை. அதற்கு இரண்டாவது வடிவமான யூனிகோட் உரை வேண்டும்.

யூனிகோட் உரையிலும் இருவகை எழுத்துமுறை உண்டு. உஸ்மானி முறை, பழைய குர்ஆன் பிரதிகளின் எழுத்தமைப்பைக் காக்கிறது. மற்றது இன்றைய அரபு வழக்கைப் பின்பற்றுகிறது. தொழுகையைக் குறிக்கும் ‘ஸலாத்’ என்ற சொல்லில் உஸ்மானி முறைப்படி ‘வாவ்’ எழுத்து வரும். இன்றைய வழக்கில் அந்த இடத்தில் ‘அலிஃப்’ வரும். இன்றைய முறையில் தட்டச்சு செய்து உஸ்மானி உரையில் நேரடியாகத் தேடினால் சொல் அகப்படாது. அதனால் பல செயலிகள் உஸ்மானி உரையைத் திரையில் காட்டி, உயிர்க்குறிகள் நீக்கிய எளிய உரையில் தேடுகின்றன.

ஒரு குறி மாறினாலும் பிழை என்பதால் உரையின் மூலம் முக்கியம். 2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம், மதீனா பிரதியோடு ஒப்பிட்டு நிரல் வழியாகவும் ஆள் வைத்தும் சரிபார்த்த உரையை இலவசமாகத் தருகிறது. வெறும் உரை, எக்ஸ்எம்எல், எஸ்க்யூஎல் ஆகிய வடிவங்களில் அதைத் தரவிறக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். உரையை மாற்ற மட்டும் அனுமதியில்லை.

இந்த உரை ‘ஹஃப்ஸ்’ ஓதல் முறையைச் சேர்ந்தது. வசனங்களை எண்ணும் கூஃபா மரபின்படி இதில் 114 அத்தியாயங்களும் 6,236 வசனங்களும் உள்ளன. மொராக்கோ, அல்ஜீரியா நாடுகளில் வழங்கும் ‘வர்ஷ்’ முறைப் பிரதிகளில் வசன எண்கள் சில இடங்களில் மாறுபடும். ஆகவே மொழிபெயர்ப்பை மூலத்தோடு இணைக்கும்போது இரண்டும் ஒரே எண்முறையில் இருக்க வேண்டும். தன்ஸீல் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.

கடைசியாக எழுத்துரு. நிறுத்தக் குறிகளும் ஓதல் குறிகளும் இல்லாத எழுத்துருவில் அவை வெற்றுக் கட்டங்களாகத் தெரியும். மதீனா அச்சகத்தின் ‘ஹஃப்ஸ்’ எழுத்துரு இக்குறிகளை உள்ளடக்கியது. பக்கத்துக்கு ஓர் எழுத்துரு வீதம் அமைந்த வேறொரு தொகுப்பும் உண்டு. அது அச்சுப் பிரதியை அப்படியே காட்டும். ஆனால் அதிலிருந்து பிரதியெடுத்தால் வேறு எழுத்துருவில் பொருளற்ற குறிகளே வரும்.