முற்றத்தை மூடுதல்

கனடா தேசத்தில் வதியும் என் இளவல் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, முற்றத்துக்கு மேலே கொங்கிறீற் தட்டுப் போட்டு மூடிவிடுவம். காசு நான் அனுப்புறன்" என்றான். எமது இல்லம் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. சென்ற கார்த்திகை மழையில் எம் அன்னையார் ஈரமுற்றத்தில் வழுக்கி வீழ்ந்து, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையிற் கிடந்தார். ஆதலின் அவன் கூற்றை எளிதிற் புறந்தள்ள இயலவில்லை. விடையிறுக்குமுன், பிற தேயத்தார் தத்தம் முற்றங்களை என் செய்தனர் என்று சில நூல்களைப் புரட்டலானேன். பண்டிதனுக்கு வேறென்ன தெரியும்?

இல்லின் நடுவே வானத்துக்கு இடம்விட்டுக் கட்டும் வழக்கம் நமக்கே உரியதென்று இளமையிற் கருதியிருந்தேன். அது பேதைமை. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை கக்கிய சாம்பரில் அமிழ்ந்த பொம்பெயி நகரத்து உரோமர் இல்லங்களை நோக்குக. வாயிலைக் கடந்தால் ஒரு கூடம். அதன் கூரை நாற்புறத்தும் உட்சரிந்து நடுவே திறந்திருக்கும். வீழும் மழைநீர் கீழேயுள்ள ஆழமற்ற தொட்டியில் நிறைந்து, நிலத்தடிக் குண்டத்திற் சென்று சேரும். எம் வீட்டு ஓட்டுக்கூரையும் அவ்வாறே உட்சரிவதுதான். உரோமன் நீரைச் சேமித்தான். என் பாட்டனார் அதனை வாழைப்பாத்திக்கு விட்டார்.

தூனிசியா நாட்டின் தென்பகுதியில் மத்மாத்தா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெர்பர் குடியினர் சுவரெழுப்பி வீடு கட்டாது, நிலத்தை ஆழ அகழ்ந்து, அக்குழியின் பக்கங்களில் அறைகளைக் குடைந்தனர். குழியே முற்றம். இரவிற் குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் கீழிறங்கி அங்கே தங்கும். பகல் வெம்மை அதனை எளிதில் அணுகாது. எனினும் 1960களிற் பெய்த பெருமழையில் அவ்வில்லங்கள் பல இடிந்தன. குடிகள் பலர் புதிதாய் அமைந்த ஊருக்குப் பெயர்ந்தனர். மழைக்கும் முற்றத்துக்கும் உள்ள பகை எம் வீட்டோடு தொடங்கியதன்று.

எல்லா மாந்தரும் முற்றம் விரும்பினரல்லர். மொங்கோலியர் கம்பளிக் கூடாரத்தின் உச்சியில் ஒரு வளையத்தளவே வானத்தை வைத்துக்கொண்டனர். அவர்தம் குளிரை எண்ணின் அதுவே மிகை.

என்னைப் பெரிதும் கவர்ந்தவை பெய்ஜிங் நகரத்து முற்றவீடுகளே. நாற்றிசையிலும் கட்டடம் சூழ நடுவே முற்றம் அமைந்த அவற்றைச் சீனர் 'சிகெயுவான்' என்பர். வடபாற் கட்டடம் தெற்கு நோக்கி வெயில் பெறுவதாகலின் மூத்தோர்க்குரியது. கீழ்பாலும் மேல்பாலும் அமைந்த சிறகுகள் புதல்வர்க்குரியன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டிற் பல குடும்பங்கள் வாழ நேர்ந்தது. 1976இல் தாங்சான் நகரைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது, பெய்ஜிங் மக்கள் அஞ்சித் தத்தம் முற்றங்களிலே தற்காலிகக் கொட்டில்கள் அமைத்தனர். அச்சம் நீங்கிற்று, கொட்டில்கள் நீங்கவில்லை. சில அடுக்களையாயின, சில படுக்கையறையாயின. ஈற்றில் ஒருவர் பின் ஒருவராய்ச் செல்லும் ஒடுங்கிய வழியே முற்றமென எஞ்சிற்று. 1990களிலோ அத்தகைய வீடுகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கொட்டில் கட்டியவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. நெருக்கடி வந்தபோது அவர்களுக்கிருந்த வெற்றிடம் அதுவொன்றே.

நெருக்கடி எமக்கும் புதிதன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வெளியேறியபோது யாமும் வீட்டைப் பூட்டி நடந்தோம். மறுவருடம் மீண்டு வந்து பார்க்கையில், கூரையின் ஒருபாதி சரிந்து, முற்றத்தில் என் தோளளவுக்கு ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. ஐயா அதனை வெட்ட ஒருப்படவில்லை. ஆறு வருடங்கழித்து அவருடைய பூதவுடலை அவ்வேம்பின் நிழலிலேதான் கிடத்தினோம். தம்பி அப்போது வர இயலவில்லை, விசா கிடைக்கவில்லை.

வகுப்பில் இலக்கணப்போலி கற்பிக்கும்போதெல்லாம், 'இல்முன்' என்பது 'முன்றில்' என மாறி வழங்குதலை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். சென்ற கிழமை ஒரு மாணவி எழுந்து, "முன்றில் எண்டால் கார் நிப்பாட்டுற இடமோ, ஐயா?" என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. அவள் நகையாடவில்லை, அவள் அறிந்த வீடுகளில் இல்லின் முன்னிருப்பது அதுவே.

மேசன் எழுதித்தந்த மதிப்பீடு என் மேசைமேல் அகராதிக்கடியிற் கிடக்கின்றது. தம்பிக்கு நேற்றுக் கடிதம் எழுதினேன். தொலைபேசியிற் பேசினால் அவனே வெல்வான். அன்னையார் படுக்கும் அறையிலிருந்து அடுக்களை வரையும் தாழ்வாரத்தைச் சொரசொரப்பான சீமெந்தினாற் புதுக்கிக் கைபிடிக் கம்பி பொருத்தலாம், முற்றத்துக் கற்களைப் பெயர்த்து நீர் தேங்காவாறு சரிவு திருத்தலாம், தூம்பையும் அகலமாக்கலாம், செலவு தட்டுப் போடுவதன் மூன்றிலொரு பங்கே வரும் என்று கணக்கெழுதினேன். வேம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அன்னையாரிடம் கேட்டபோது, "அவன் வந்து பாத்திட்டுச் சொல்லட்டும்" என்றார். ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.